ஒன்பதுக்கு எட்டடி இடத்தில் ஏழு பேருக்கு ஒரு மேசை

குசினிக்கும் ஹோலுக்கும் நடுவில் 9 அடிக்கு 8 அடி இடம். திருகோணமலை நகரத்துக்குள்ளே கட்டிய வீடுகளில் சாப்பாட்டுக்கென்று விடுவது பெரும்பாலும் இவ்வளவுதான். நாளாந்தம் நாலு பேர். கோணேசர் கோவில் தேருக்கோ பள்ளிக்கூட விடுமுறைக்கோ உறவு வந்து இறங்கினால் ஏழு, எட்டு. கடையில் விற்கிற ஆறு கதிரை மேசையை இங்கே போட்டால் குசினிக்கு ஒருக்களித்துத்தான் போகவேண்டும். அதனால் ஒரு பக்கம் சுவரோடு வாங்கு (நீள இருக்கை), நடுவில் ஒடுங்கிய மேசை, மேசையின் ஒரு நுனியில் மடிப்புப் பலகை என்று செய்தது. ஒரு கச்சான் காற்றுக் காலமும் ஒரு மாரியும் கடந்து, இழுத்தால் வருகிறது, மடித்தால் மடிகிறது என்று தெரிந்த பிறகு இந்தக் குறிப்பு.

முதல் வேலை, மேசையை அல்ல, சாப்பிடுவதை அளப்பது. தளபாடப் புத்தகங்களில் சாப்பாட்டு மேசைக்கு 36 அங்குல அகலம் போட்டிருக்கும். சோறும் கறியும் நிறைந்த பாத்திரங்களை நடுவில் வைத்து, ஆளாளுக்கு எடுத்துப் போடுகிற வழக்கத்துக்கு அந்தக் கணக்கு. நாங்கள் விருந்தாளிக்கு நின்று பரிமாறுகிறவர்கள். 11 அங்குலக் கோப்பை இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று வைத்தால் 22. மேசை 30 அங்குலமாக இருந்தால் நடுவில் 8 மிஞ்சும். சம்பல், பொரியல், அப்பளம், தண்ணீர் கிளாஸ் எல்லாம் அந்த எட்டுக்குள் அடங்கும். சோற்றுச் சட்டியும் சொதியும் பரிமாறுகிறவர் கையில். வாழையிலை என்றால் ஒரு இலைக்கு 12 அங்குலம் கொடுங்கள். நடுவில் ஆறு மிஞ்சும், அதுவும் போதும்.

ஆளுக்கு 24 அங்குலம் நீளம் இருந்தால் தாராளம். கையால் சாப்பிடும்போது வலது முழங்கை கொஞ்சம் விரியும் என்பதால் 22க்குக் கீழே போகக் கூடாது. உயரம் 29 அங்குலம். கடை மேசைகள் 30 இருக்கும். கரண்டிக்கு அது சரி, குழைத்துச் சாப்பிட ஒரு அங்குலம் தாழ்வாக இருந்தால் தோள் உயராது. இருக்கை 17½. மேல்பலகை 1, அதன்கீழ்ச் சட்டம் 4, மொத்தம் 5 போக, தொடைக்கு 6½ அங்குலம் கிடைக்கும். சட்டத்தை 5 அங்குலமாக வைத்தால் பார்வைக்குப் பலமாக இருக்கும், தொடை இடிக்கும்.

குறுக்கே கணக்கு இப்படி: சுவருக்கும் வாங்குக்கும் நடுவில் அரை அங்குலம் விட்டு, 17 அங்குல வாங்கு. வாங்கின் முன்விளிம்புக்கு மேலே மேசை ஒன்றரை அங்குலம் ஏறி நிற்கும். ஆக மேசை சுவரிலிருந்து 16இல் தொடங்கி 46இல் முடியும். 8 அடி என்பது 96. மீதி 50. கதிரையில் ஆள் இருக்க 20 போனால் பரிமாறுகிறவர் நடக்க 30 அங்குலம். இந்த 30ஐ யாருக்கும் விட்டுக்கொடுக்கக் கூடாது. கொதிக்கிற குழம்போடு போகிற பாதை அது. வாங்கின் ஆழத்தை 14, 15 என்று குறைத்து மிச்சம் பிடிக்கலாம் என்று தோன்றும். குறைத்தால் மேசைக்கும் சுவருக்கும் நடுவில் 13, 14 அங்குலம்தான் இருக்கும், உடம்புள்ள ஒருவர் உள்ளே நகர முடியாது.

நெடுக்கே: நிலையான மேல்பலகை 48 அங்குலம், மடிப்புப் பலகை 20. விரித்தால் 68. நிலையான நுனி, வாங்கு இல்லாத நுனிச் சுவர்ப் பக்கம், 2 அங்குலம் தள்ளி. 9 அடியில், அதாவது 108இல், 70 போக 38 மீதி. நுனியில் ஒரு கதிரை தாராளமாகப் போடலாம். வாங்கில் மூன்று, எதிரே மூன்று, நுனியில் ஒன்று. எட்டாமவருக்கு இடமில்லை. எட்டாமவர் பரிமாறட்டும்.

மரம் பற்றி. திருகோணமலைப் பக்கம் முதிரை, பாலை என்று பெருமையாகச் சொல்வார்கள். முதிரை அழகு, கிடைப்பது அரிது, விலை அதற்கேற்றபடி. பாலையில் மேல்பலகை செய்தால் மேசையை நகர்த்த இரண்டு ஆள் வேண்டும், சீவுளியும் பல்லைக் கடிக்கும். மேல்பலகைக்கும் கால்களுக்கும் பலா எடுத்தது: வேலைக்கு வளைந்து கொடுக்கும், நன்கு காய்ந்தபின் முறுக்காது, வைரத்தில் கறையான் எளிதில் ஏறாது. வாங்குக்கு வேம்பு. இரண்டிலும் வெள்ளை ஓடிய பலகையை ஒதுக்கிவிட வேண்டும். உளுப்பது அங்கேதான் தொடங்கும். மரக்காலையில் பற்றுச்சீட்டோடு வாங்குங்கள்; மரம் ஏற்றிவர அனுமதிப்பத்திரம் கேட்கிற நாடு இது, வீதியில் மறித்தால் காட்ட ஏதாவது இருக்க வேண்டும்.

அளவு: பலா மூன்றேகால் கன அடி, வேம்பு இரண்டு கன அடி. இதில் வெட்டுக் கழிவுக்கு ஐந்தில் ஒரு பங்கு சேர்ந்திருக்கிறது. மேல்பலகைக்கு ஒன்றேகால் அங்குலக் கனத்தில் எடுத்தால் சீவி முடிய ஒன்று நிற்கும். ஒரு பலகை 5 அங்குல அகலத்துக்கு மேல் வேண்டாம். 30க்கு ஆறு பலகை. ரூபாய் கணக்கு எழுதினால் அடுத்த மாதமே பொய்யாகிவிடும். செலவின் சாயலைச் சொல்லலாம்: பாதிக்குக் கிட்ட மரம், அடுத்தது ஓடாவியின் கூலி, அதற்கடுத்தது பூச்சு. திருகாணியும் பிணைச்சலும் மிகக் குறைவு. மிச்சம் பிடிக்கிறோம் என்று எல்லாரும் கை வைப்பது அந்தக் கடைசியில்தான். உப்புக் காற்றில் முதலில் போவதும் அதுதான்.

வாங்கிய மரம் காய்ந்திருக்கிறது என்று மரக்காலையில் சொல்வதை அப்படியே எடுக்க வேண்டாம். பலகைகளுக்கு நடுவில் ஒரு அங்குலச் சட்டம் வைத்து, நிழலில், காற்றுப் படுகிற இடத்தில் அடுக்குங்கள். வெட்டிய துண்டொன்றைக் குசினித் தராசில் வாரத்துக்கொருமுறை நிறுத்து எழுதிவைத்தால் போதும். நிறை இறங்கி இறங்கி ஓரிடத்தில் நின்றால் வேலையைத் தொடங்கலாம். இறங்கிக்கொண்டிருக்கும்போதே ஒட்டினால் ஒட்டு வாய் பிளக்கும்.

இனிக் காற்று. இந்த ஊரில் மேசை செய்கிறவருக்கு இதுதான் உண்மையான எதிரி. மே தொடக்கம் செப்டெம்பர் வரை கச்சான் அடிக்கும். தரை கடந்து வருகிற காய்ந்த, சூடான காற்று. மரம் சுருங்கும். ஒக்டோபருக்குப் பிறகு மாரி, வாடைக்காற்று. அதே மரம் ஊதும். நீளத்தில் ஒன்றும் தெரியாது, அகலத்தில்தான். 30 அங்குல அகலத்துக்கு இரண்டு நூல் வரை, அதாவது கால் அங்குலம், கூடிக் குறையும் என்று வைத்துச் செய்ய வேண்டும். மேல்பலகையைக் கீழ்ச் சட்டத்தோடு திருகாணி போட்டு இறுக்கிவிட்டால், கச்சானில் நடுவில் பிளக்கும், இல்லையேல் சட்டத்தின் மூட்டைப் பிரிக்கும். இங்கே வெடித்த மேசைகளைக் கவிழ்த்துப் பார்த்தால் பெரும்பாலும் இந்த இறுக்கம்தான் இருக்கும். பழி மட்டும் மரத்தின் மேலே.

அதற்கான வழி பழையதுதான். சட்டத்தின் உட்பக்கத்தில், மேல்விளிம்பிலிருந்து அரை அங்குலம் கீழே, ஒரு தவாளிப்பு (நீளப் பள்ளம்) ஓடவிடுவது. 2 அங்குல நீளச் சின்ன மரக்கட்டைகளுக்கு நாக்கு வெட்டி, நாக்கைத் தவாளிப்புக்குள் விட்டு, கட்டையை மேல்பலகையோடு திருகுவது. பலகை நகரும்போது நாக்கு தவாளிப்பில் வழுக்கும். நீளப் பக்கத்துக்கு நாலு நாலு, அகலப் பக்கத்துக்கு இரண்டு இரண்டு, ஆகப் பன்னிரண்டு கட்டை. நீளப் பக்கத்துக் கட்டைகளின் நாக்கை முழுக்க உள்ளே தள்ளிவிடாமல் ஒரு நூல் இடைவெளி விடுங்கள், ஊதுவதற்கும் சுருங்குவதற்கும் இடம் வேண்டும்.

ஆறு பலகையையும் ஒட்ட நீளக் கிளாம்ப் குறைந்தது ஐந்து வேண்டும்: மேலே மூன்று, கீழே இரண்டு. கிளாம்ப் இல்லாத பட்டறையில், இரண்டு பக்கமும் சட்டம் அடித்து, எதிரெதிராக ஆப்பு வைத்து இறுக்கலாம். தண்ணீர் தாங்குகிற வகை வூட் குளூ எடுங்கள். சாதாரண வெள்ளைப் பசை, தினமும் ஈரத்துணி படுகிற மேசைக்கு ஆகாது. மடிப்புப் பலகையைத் தனித் துண்டுகளால் செய்ய வேண்டாம். 68 அங்குலத்துக்கு ஒரே பலகையாக ஒட்டி, சீவி, பிறகு 48இல் குறுக்கே வாள் போடுங்கள். நார் தொடர்ந்து ஓடும். மாரியில் இரண்டும் ஒரே அளவு ஊதும், பக்க விளிம்பில் படி விழாது. வாள் வெட்டுக்கும் விளிம்பைச் சீவுவதற்கும் சேர்த்து முக்கால் அங்குலம் கூடுதலாக வைத்து ஒட்டவேண்டும்.

மடிப்புப் பலகையைத் தாங்குவது இரண்டு இழுப்புத் தடி. ஒவ்வொன்றும் 30 அங்குல நீளம், 1½ அகலம், 2 உயரம். இதற்கு மட்டும் முதிரைத் துண்டு. நுனிச் சட்டத்தின் மேல்விளிம்பில் 2 அங்குல ஆழ வெட்டு. அதிலிருந்து 10 அங்குலம் உள்ளே இன்னொரு குறுக்குச் சட்டம், அதில் நாலு பக்கமும் மூடிய துளை. தடி 14 அங்குலம் வெளியே வரும், 16 உள்ளே நிற்கும். வெளி நுனியில் பாரம் விழும்போது உள் நுனி மேலே எழும்பும். அந்த எழும்பலை மூடிய துளை பிடித்துக்கொள்ளும். துளை இல்லாவிட்டால் முழு உந்தலும் மேல்பலகையில் போய் முட்டும். தடி கழன்று கையோடு வந்துவிடாமலிருக்க உள் நுனியில் ஒரு மூங்கில் ஆணி.

இங்கே கவனிக்கவேண்டியது வெட்டின் தளர்வு. கச்சான் நாளில் செய்யும்போது தடி கச்சிதமாக ஓடினால் மனது நிறையும். கார்த்திகையில் அதே தடி பிடித்துக்கொண்டு வராது. விருந்து வருகிற நேரம் சுத்தியலால் தட்டியெடுக்கிற கதையாகும். பக்கத்துக்கு அரை நூல் தளர்வு வையுங்கள், உயரத்தில் அரை நூல். தடிக்கு வார்னிஷ் பூசக் கூடாது, மாரியில் ஒட்டும். மெழுகுதிரியைத் தேய்த்தால் போதும். தளர்வு விட்டதால் மடிப்புப் பலகை நுனி கொஞ்சம் தொங்கும். தடியின் வெளி நுனிக்கு மேலே ஒரு நூல் உயரத்துக்கு மெல்லிய ஆப்புத் துண்டு ஒட்டினால் சமமாகிவிடும். எவ்வளவு என்பதை மடிப்புப் பலகையில் பாரமாக ஏதாவது வைத்துப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும், வெறும் பலகையில் அல்ல.

பிணைச்சல் மூன்று, ஸ்டெயின்லெஸ், 3 அங்குலம். கடல் தெரிகிற வீடு என்றால் 316 தரம் கேட்டு வாங்குங்கள், உள்ளே தள்ளி இருக்கிற வீட்டுக்கு 304 தாங்கும். நாகம் பூசிய திருகாணி உவர்மலையில் கொஞ்சம் பிழைக்கும், நிலாவெளிக் கரையில் பிழைக்காது. துரு மரத்துக்குள் இறங்கிக் கறுப்பு வளையம் போடும், அதைத் தேய்த்தெடுக்க முடியாது. பித்தளைத் திருகாணி நல்லது, ஆனால் மெத்தென்றது. முதிரையில் நேரே முடுக்கினால் தலை ஒடிந்து உடல் உள்ளே நிற்கும். முதலில் துளை போட்டு, அதே அளவு இரும்புத் திருகாணியை ஒருமுறை ஏற்றி இறக்கி, பிறகு பித்தளையைச் சவர்க்காரம் தொட்டு ஏற்றவேண்டும்.

முழு மேசையும் கூட்டினால் ஏறத்தாழ 40 கிலோ. மடிப்புப் பலகையை விரித்து அதன் நுனியில் 30 கிலோ அளவில் அழுத்தம் விழுந்தால் நுனிச் சுவர்ப் பக்கத்துக் கால்கள் கிளம்பும். கதிரையிலிருந்து எழும்புகிற பெரியவர் மேசையில் கையூன்றினால் அந்த அழுத்தம் வந்துவிடும். இதைத் தரையிலே கணக்குப் போட்டுப் பார்க்காமல் விட்டால் சொதிச்சட்டியோடு பாடம் படிக்க நேரும். தீர்வு சின்னது: சுவர்ப் பக்கத்து இரண்டு கால்களிலும், தரையிலிருந்து 6 அங்குலத்தில், பித்தளைக் கொக்கி, சுவரில் வளையம். சுவரில் 8 மில்லிமீற்றர் துளை, பிளாஸ்டிக் முளை. சீமெந்துக் கல்லின் உள்வெறுமையில் துளை விழுந்தால் முளை பிடிக்காது. ஒரு சாண் தள்ளிப் போடாமல் கல்லின் மூட்டுக்குக் கிட்டப் போடுங்கள். மேசையை வெளியே எடுத்துக் கழுவ வேண்டுமென்றால் கொக்கியைக் கழற்றினால் சரி.

வாங்கின் நீளம் 72, இருக்கைப் பலகை ஒரு அங்குலம். மூன்று பெரியவர்கள் இருந்தால் நடுவில் தொய்யும். ஆகவே மூன்று கால்சட்டம், நுனியிலிருந்து 8 அங்குலத்தில் ஒவ்வொன்று, நடுவில் ஒன்று. முன்விளிம்புக்குக் கீழே 3 அங்குலச் சட்டம் ஒன்று நீளவாக்கில். நுனிக்கால்களை 15 அங்குலம் உள்ளே தள்ளினால் பார்க்க நன்றாக இருக்கும். ஒருவர் மட்டும் நுனியில் இருந்தால் மறுநுனி எழும்பும்.

வாங்கைப் பெட்டியாகச் செய்து, மூடியைத் திறந்து சாமான் வைக்கலாமே என்று ஓடாவி கேட்டார். கேட்பது நியாயந்தான். ஆனால் மூடிக்கு மேலே மேசை ஒன்றரை அங்குலம் ஏறி நிற்கிறது, மேசையோ சுவரில் கொக்கி போட்டு நிற்கிறது. ஒவ்வொரு தடவையும் மேசையை இழுத்து வைக்கிறவர் எவருமில்லை. போதாக்குறைக்கு, மூடிய பெட்டி மாரியில் பூஞ்சணமும் கரப்பானும் சேர்க்கும். திறந்த வாங்குக்குக் கீழே மூன்று பிளாஸ்டிக் கூடை தள்ளினால் அதே பயன்: ஒன்றில் விருந்துக் கோப்பைகள், ஒன்றில் மேசைவிரிப்பும் பனையோலைத் தட்டுகளும், ஒன்று வெங்காயம் உருளைக்கிழங்குக்குப் போய்விடும், அதைத் தடுக்க முடியாது.

பூச்சுக்கு வருவோம். வழமையாக ஓடாவிமார் அடிக்கிற சீலரும் லக்கரும் அலுமாரிக்குப் பரவாயில்லை. சாப்பாட்டு மேசையில் புட்டுப்பானையை இறக்கி வைத்த இடம் வெள்ளையாகும். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துத் தயிர்ச்சட்டி இன்னும் மோசம். மண்சட்டியின் அடி எந்நேரமும் கசிந்துகொண்டே இருக்கும், ஒரு மத்தியானம் வைத்தால் வட்டம் விழும். ஆகவே இரண்டு கலவை சேர்க்கிற பியூ (பொலியூரித்தேன்) பூச்சு, மேசைக்கு மட்டும். மூன்று கை பூச ஒன்றரை லீற்றர் பிடிக்கும். 120, 180, 240 என்று அரத்தாள் ஏறவேண்டும்; ஒரு கைப் பூச்சுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் 320. அடிப்பக்கத்துக்கும் மேற்பக்கத்துக்கும் ஒரே எண்ணிக்கை. கீழே யார் பார்க்கிறார்கள் என்று விட்டால், அடிப்பக்கம் ஈரத்தை இழுக்க, மேற்பக்கம் இழுக்காமல் நிற்க, பலகை வளையும். கால்களின் அடியை, நார் முனை தெரிகிற இடத்தை, பூச்சுக்குள் முக்கி எடுங்கள். தரை கழுவுகிற தண்ணீர் அங்கேதான் ஏறும்.

மாரிக்காலத்தில் பூச வேண்டாம், ஈரக்காற்றில் பூச்சுக்குள் புகை படிந்ததுபோலத் தெரியும். கச்சானில் பூசலாம், ஆனால் காற்று எழும்பமுன், காலையில், சன்னலைச் சாத்தி, முகமூடியோடு. பிந்தினால் வீதிப் புழுதி முழுக்க மேசையில். வாங்குக்குச் சாதாரண வார்னிஷ் போதும்.

மஞ்சள் கறை பட்டால் பயந்து தேய்க்க வேண்டாம். துடைத்துவிட்டு வெயில் படுகிற பக்கம் திருப்பி வைத்தால் மஞ்சளின் நிறம் வெளிச்சத்திலே தானாக மங்கும். மேசைக்கு மேலே கண்ணாடி போடச் சொல்வார்கள், வேண்டாம். கண்ணாடிக்கும் பலகைக்கும் நடுவில் சிந்திய தண்ணீர் போய் நின்று அழுகும். பிளாஸ்டிக் விரிப்பும் அதே கேடுதான். சூட்டுச்சட்டிக்குத் திருகணை, கோப்பைக்குப் பனையோலைத் தட்டு.

கதிரை கடையில் வாங்கியது, கையில்லாதது. அகலம் 17 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது என்பதற்குக் காரணம் மேசைக்கால். காலுக்குக் கால் உள்ளளவு 38. 17 என்றால் இரண்டு கதிரை உள்ளே போய் 4 மிஞ்சும், 19 என்றால் இடிக்கும். மூன்றாவது கதிரை மடிப்புப் பலகைக்கு நேரே. அவருடைய ஒரு முழங்கால் மேசைக்காலை ஒட்டித்தான் இருக்கும், குட்டையானவரை அங்கே இருத்துங்கள். வாங்கின் உள்மூலையில் இருப்பவர் கைகழுவ எழும்பினால் மற்ற இருவரும் எழும்பவேண்டும். ஆகவே சின்னவர்களை வாங்குக்கும் பெரியவர்களைக் கதிரைக்கும் விடுவதுதான் ஒழுங்கு; அம்மம்மாவை மூலையில் மாட்டிவிட்டால் பந்தி முழுக்க எழும்பி நிற்கும்.

விளக்கு மேசைக்கு மேலே 30 அங்குலத்தில், 9 வாட் எல்இடி, மஞ்சள் வெளிச்சம். எங்கே தொங்கவிடுவது என்பதில் ஒரு சிக்கல்: மடித்த மேசையின் நடு நுனிச் சுவரிலிருந்து 26 அங்குலம், விரித்த மேசையின் நடு 36. இரண்டுக்கும் நடுவில், 31இல் தொங்கவிட்டால் எந்த நாளிலும் கோணலாகத் தெரியாது. சீலிங் ஃபேன் மேசைக்கு நேர்மேலே வேண்டாம். வாழையிலை பறக்கும், சோறு ஆறும், விளக்கு ஃபேனுக்கு மேலே போனால் வெளிச்சம் வெட்டி வெட்டி விழும். பக்கச் சுவரில் ஒரு ஃபேன். மாரி தொடங்கிய முதல் மழை இரவுகளில் ஈசல் வரும். அன்றைக்கு ஹோல் விளக்கைப் போட்டு இதை அணைத்துவிட்டுச் சாப்பிடுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

மறுபடி செய்வதென்றால் மாற்றுவது மூன்று. மடிப்புப் பலகைச் சந்தில் சோற்றுப்பருக்கை போய் நிற்கிறது. விளிம்பை நேர்வெட்டாக விடாமல் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகிற வளைவு வெட்டாகச் செய்விக்கவேண்டும், ஓடாவிக்கு அரைநாள் கூலி கூடும். வாங்கின் முன்விளிம்பை அரை அங்குலம் உருட்டிவிட வேண்டும், தொடையின் கீழே வெட்டுகிறது. இழுப்புத் தடியின் முனையில் விரல் நுழைய ஒரு குழி. இப்போது தடியை வெளியே எடுக்க, கீழே குனிந்து பின்னாலிருந்து தள்ளவேண்டியிருக்கிறது.